பாட்டி வீட்டு ரவிவர்மாவும் பம்பாய் ஆறு பேரும்: இந்திய நவீன ஓவியத்தில் நாம் சறுக்கும் இடங்கள்

தலைகீழாக மாட்டிய ஓவியத்தின் முன்னால் நின்று ஒருவர் "பிரமாதம்" என்று தலையாட்டுகிற ஜோக்கைத் தமிழ்ப் பத்திரிகைகளில் எத்தனை தடவை பார்த்திருப்போம்! அந்த ஜோக்கின் புண்ணியத்தில் 'மாடர்ன் ஆர்ட்' என்றாலே புரியாத படம் என்றாகிவிட்டது. முதல் சறுக்கல் அதுதான். நவீனம் என்று இங்கே சொல்வது ஒரு காலகட்டத்தை. 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் தொடங்கி சுமார் 1980கள் வரை இழுக்கலாம். அதற்கப்புறம் வீடியோ, இன்ஸ்டலேஷன் (ஓர் இடத்தையே பொருள்களால் நிரப்பிப் படைப்பாக்குவது) என்று விரிந்ததைச் சமகாலக் கலை என்கிறோம். எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்பதில் ஆளுக்கொரு கணக்கு. ஆனால் எந்தக் கணக்கிலும் புரிகிறதா, புரியவில்லையா என்ற கேள்வி வராது. பட்டுப்புடவை மடிப்பை அச்சு அசலாக வரைந்த ரவிவர்மாவும் இந்தக் கதைக்குள்தான் இருக்கிறார்.

அவரிடம் வந்தால் அடுத்த சறுக்கல். "எங்க பாட்டி வீட்ல ஒரிஜினல் ரவிவர்மா இருக்கு" என்று யாராவது சொன்னால், அநேகமாக அது அச்சுப் படம். 1894இல் பம்பாயில் அவர் அச்சகம் தொடங்கினார். பிறகு அது லோனாவ்லா பக்கம் மாளவ்லிக்குப் போனது, அப்புறம் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியரின் கைக்குப் போனது. அங்கிருந்து கிளம்பிய லட்சுமியும் சரஸ்வதியும்தான் நாடு முழுக்கப் பூஜையறைகளில் குடியேறினார்கள். செட்டிநாட்டு வீடுகளில் கண்ணாடிச் சட்டத்துக்குள் பார்த்திருப்பீர்கள்: அம்மனின் புடவைக்கு நிஜ ஜரிகை, நகைக்கு ஜிகினா, எல்லாம் படத்தின் மேலேயே ஒட்டியிருக்கும். ஒரு லென்ஸை வைத்துக் கன்னத்தைப் பாருங்கள், தூரிகை இழுப்புக்குப் பதிலாகப் பொடிப் பொடிப் புள்ளிகள் தெரியும். சட்டம் மறைக்காவிட்டால் அடியில் அச்சகத்தின் பெயரும் இருக்கும். அதற்காக அதை மட்டமாக நினைக்க வேண்டாம். லட்சுமி என்றதும் நம் மனதில் வருகிற முகத்தைக் கொடுத்ததே அந்த அச்சுதான். ஒரிஜினல் எண்ணெய் ஓவியம் என்றால் சமாச்சாரமே வேறு: 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் கலைப் பொக்கிஷமாக அறிவிக்கப்பட்டவை அவருடைய ஓவியங்கள், நாட்டைவிட்டு ஏற்றுமதி செய்ய முடியாது.

ரவிவர்மா வெள்ளைக்காரன் பாணி, அவனீந்திரநாத் தாகூர் சுதேசி பாணி என்று இரண்டு கட்சி பிரிப்பது பாடப்புத்தகப் பழக்கம். 1905இல் வங்கப் பிரிவினைக் கொந்தளிப்பில் அவனீந்திரநாத் வரைந்த 'பாரத மாதா'வையே எடுத்துக்கொள்ளுங்கள். காவி உடை, நான்கு கை, கைகளில் சுவடி, நெற்கதிர், வெள்ளைத் துணி, ஜபமாலை. (போஸ்டர்களில் பார்த்துப் பழகியவர்கள் சுவர் அளவுக்கு எதிர்பார்ப்பார்கள், அசல் ஒரு நோட்டுப் புத்தக அளவுதான்.) அதில் பனிமூட்டம் போலப் படர்ந்திருக்கும் நீர்வண்ணம் இருக்கிறதே, அந்த உத்தி ஜப்பானிலிருந்து கல்கத்தா வந்த ஓவியர்கள் தைக்கான், ஷுன்சோ ஆகியோரைப் பார்த்துப் பிடித்தது. அவரை இந்திய மரபின் பக்கம் தள்ளிய ஹாவெல் ஓர் ஆங்கிலேயர், கல்கத்தா ஓவியப் பள்ளியின் முதல்வர், அதற்கு முன் சென்னை ஓவியப் பள்ளியை நடத்தியவர். சுதேசி ஓவியத்தின் பெட்டியைத் திறந்தால் பாதிச் சாமான் கப்பலில் வந்தது! அதில் தப்பொன்றும் இல்லை.

இதையே திருப்பிப் போட்டால் இன்னொரு தவறு: "இதெல்லாம் பிக்காஸோ காப்பி." எனக்கு இதைக் கேட்டால் கொஞ்சம் எரிச்சல் வரும். 1922 டிசம்பரிலேயே கல்கத்தாவில் பௌஹவுஸ் என்ற ஜெர்மன் கலைப் பள்ளி ஓவியர்களின் படைப்புகள் காட்சிக்கு வந்தன; கான்டின்ஸ்கியும் கிளேயும் இங்கே யாருக்கும் தெரியாத பெயர்கள் இல்லை. பார்த்தார்கள், வேண்டியதை எடுத்தார்கள், வேண்டாததை விட்டார்கள். சாந்திநிகேதனில் ராம்கிங்கர் பெய்ஜ் 1938இல் செய்த 'சந்தால் குடும்பம்' சிற்பத்தைப் பாருங்கள். காவடித் தண்டில் தொங்கும் கூடைக்குள் ஒரு குழந்தை, பக்கத்தில் மனைவி, காலடியில் நாய், எல்லோரும் எங்கேயோ நடந்துகொண்டிருக்கிறார்கள். வெண்கலம் இல்லை, பளிங்கு இல்லை. அந்த மண்ணின் செம்புரைக்கல் ஜல்லியைச் சிமென்டில் குழைத்து அப்பியது. அந்தச் சொரசொரப்பை எந்த பாரீஸ் சிற்பத்திலிருந்து காப்பியடிக்க முடியும்?

1947இல் பம்பாயில் முற்போக்குக் கலைஞர் குழு தொடங்கியதும்தான் இந்திய ஓவியம் நவீனமானது என்பது இணையத்தில் ரொம்பப் புழங்கும் கதை. தொடங்கியவர்கள் ஆறு பேர்: சௌசா, ரஸா, ஹுசைன், ஆரா, காடே, பாக்ரே. காய்தொண்டேயும் தையப் மேத்தாவும் பின்னால் சேர்ந்தவர்கள், அவர்களை நிறுவனர் பட்டியலில் சேர்க்காதீர்கள். சௌசா 1949இல் லண்டனுக்கும் ரஸா 1950இல் பாரீஸுக்கும் கிளம்பிவிட்டார்கள், ஆக அந்தக் குழு முழுசாக ஒன்றாய் இருந்ததே கொஞ்ச காலம்தான். அதற்கு முன்பே கல்கத்தா குழு என்ற ஓவியர் குழு, வங்கப் பஞ்சத்துக்கு நடுவே 1943இல் வந்துவிட்டது. சென்னையில் 1944இல் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கிவிட்டார்.

பணிக்கர் என்றதும் நம்மவர்கள் செய்கிற ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். 1963 முதல் அவர் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் ஜாதகக் கட்டம் போலக் கட்டங்கள், ஒரு மீன், ஒரு பாம்பு, கணக்கு நோட்டில் இருப்பது மாதிரிக் குறிகள், இடைவெளியெல்லாம் நுணுக்கி நுணுக்கி எழுத்து. பார்த்தால் மலையாளம் மாதிரி இருக்கும். உடனே கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படிக்க ஆரம்பிப்பார்கள். நானும் அப்படித்தான் ஒருமுறை மலையாளம் தெரிந்த நண்பரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லி அசடு வழிந்தேன். படிப்பதற்கான எழுத்தில்லை அது. பழைய ஜாதக ஓலையைக் கையில் வாங்கும்போது, படிக்கத் தெரியாவிட்டாலும், ஏதோ இருக்கிறது என்று தோன்றுமே, அதைத்தான் கோட்டில் பிடித்திருக்கிறார். 1966இல் சென்னைக்கு வெளியே கடலோரத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் எழுந்ததும் அவர் முயற்சியில்தான். ஓவியத்தை விற்று அல்ல, பாத்திக் (மெழுகு தடவிச் சாயமேற்றும்) துணிகளை விற்று நிலம் வாங்கினார்கள்.

கிராமத்துக் கலை வேறு, சமகாலக் கலை வேறு என்று தனி அறையில் தள்ளுவதும் பழைய பழக்கம். 1982இல் போபாலில் பாரத் பவன் என்ற கலை மையத்தில் ஓவியர் ஜே. சுவாமிநாதன் அந்தச் சுவரை இடித்து, ஜன்கட் சிங் ஷ்யாம் போன்ற கோண்டு பழங்குடி ஓவியர்களை நகரத்து ஓவியர்களோடு சரிசமமாக மாட்டினார்.

கடைசியாக, ஏல விலை. 2025 மார்ச்சில் ஹுசைனின் 'கிராம யாத்ரா' நியூயார்க்கில் 1.37 கோடி டாலருக்கு மேல் போனதும், அவர்தான் இந்தியாவின் தலைசிறந்த ஓவியர் என்று ஒரே பேச்சு. ஹுசைன் அதை வரைந்தது 1954இல். டெல்லிக்கு வேலையாக வந்த ஒரு மருத்துவர் அதை வாங்கி நார்வேக்குக் கொண்டுபோக, ஆஸ்லோ மருத்துவமனை ஒன்றில் பல பத்தாண்டுகள் கிடந்தது. அப்போதும் படத்தில் அதே மாட்டு வண்டிதான், அதே உழவர்தான்; மாறியது விலை மட்டும்தான்.