எஸ்சிடலோபிராமை நிறுத்த எனக்கு ஆன பதினொரு மாதம்

மனச்சோர்வு, மனப்பதற்றத்துக்குத் தரும் எஸ்சிடலோபிராம் மாத்திரையை மூன்று வருஷம் தினமும் 10 மி.கி. சாப்பிட்டேன். நன்றாகத்தானே இருக்கிறோம் என்று ஒருநாள் நானாகவே நிறுத்தினேன். மூன்றாம் நாள், தலையைத் திருப்பினால் மண்டைக்குள் சுரீரென்று ஷாக் அடித்தது. காரணமில்லாத அழுகை வேறு. பழைய நோய்தான் திரும்பிவிட்டது என்று பயந்தேன்.

மருத்துவர் திட்டவில்லை. "நோய் திரும்பினால் பெரும்பாலும் மெல்லத்தான் வரும். இது நிறுத்திய சில நாளில் வந்தது, மருந்தைச் சட்டென விட்டதால்" என்று மறுபடி 10 தொடங்கச் சொன்னார். ஷாக் அடங்கியது.

ஒன்றரை மாதம் கழித்து 7.5, அப்புறம் 5. அதுவரை சுலபம். கடைசி 5-தான் பாடாய்ப் படுத்தியது. சிறிய அளவே மூளையில் பெரும்பங்கு வேலை செய்துவிடுகிறது. அதனால் கீழே போகப் போக இன்னும் சின்னப் படியாக இறங்க வேண்டுமாம். ஒருநாள் விட்டு ஒருநாள் போடட்டுமா என்றேன். ரத்தத்தில் மருந்து ஏறி இறங்கும், வேண்டாம் என்றார். திரவ மருந்துக்கு மாற்றினார். சிரிஞ்சில் உறிஞ்சி 4, 3, 2, 1.5, 1 என்று இறங்கினேன். 2-இல் தூக்கம் கெட்டது. ஒரு மாதம் அங்கேயே நின்றேன். கடைசியில் அரை மி.கி. கண்ணுக்கே தெரியாத அந்தத் துளியை விடத்தான் எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது.