ரிப்போர்ட் எல்லாம் நார்மல், மூட்டு மட்டும் வலிக்கிறது: நாம் செய்யும் தவறுகள்

காலை ஐந்தரை மணிக்குப் பால் பாக்கெட்டை வெட்ட அக்கா கத்தரிக்கோலை எடுப்பாள். விரல் மடங்காது. கத்தரிக்கோலை வைத்துவிட்டுப் பல்லால் கடித்துத் திறப்பாள். எட்டு மணிக்கு அதே கை தேங்காய் துருவும். பதினோரு மணிக்கு டாக்டர் முன்னால் உட்கார்ந்து, "கையை மடக்குங்க" என்று அவர் சொன்னால் அழகாக மடங்கும். ஃபைலில் ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ், இ.எஸ்.ஆர். நார்மல், யூரிக் ஆசிட் நார்மல், எக்ஸ்ரேயும் நார்மல். "ஒண்ணும் இல்லம்மா, கால்சியம் போடுங்க" என்ற ஒரே பதிலோடு இரண்டு வருடம் போய்விட்டது.

கடைசியில் போய்ப் பார்த்த மூட்டுவாத நிபுணர் ஃபைலைத் திறக்கும் முன்பே கேட்டார்: "காலையில எந்திரிச்சதும் கை சரியாக எவ்வளவு நேரம் ஆகுது?"

"இட்லி ஊத்தி இறக்குற வரைக்கும் விறைப்பாத்தான் இருக்கும் டாக்டர்."

கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். அப்புறம் அவர் கைகுலுக்குவது போல அக்காவின் கையைப் பிடித்து, விரல்களின் அடிமூட்டுகளைப் பக்கவாட்டில் சேர்த்து மெல்ல அழுத்தினார். அக்கா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அல்ட்ராசவுண்டில் மூட்டின் உள்சவ்வு தடித்து வீங்கியிருந்தது தெரிந்தது. அக்காவுக்கு முடக்குவாதம், அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். ரத்தம்தான் அதைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அந்த இரண்டு வருடத்தில் நாங்கள் செய்த தவறுகளையும், காத்திருப்பு அறைகளில் பக்கத்து நாற்காலிக்காரர்களிடம் கேட்ட கதைகளையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

நார்மல் என்றால் நோய் இல்லை என்று எடுத்துக்கொள்வது

எல்லாத் தவறுகளுக்கும் தாய் இதுதான். ஒவ்வொரு டெஸ்ட்டும் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்கிறது. ஆர்.ஏ. ஃபேக்டர் என்பது ரத்தத்தில் ஒரு குறிப்பிட்ட எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது. முடக்குவாதம் உள்ளவர்களில் 20 முதல் 30 சதவீதம் பேருக்கு அது நெகட்டிவாகவே வரும். இதன் மறுபக்கமும் உண்டு. நல்ல ஆரோக்கியமாக இருக்கும் சிலருக்கு, குறிப்பாக வயதானவர்களுக்கு, அது பாசிட்டிவாக வரும். பாசிட்டிவ் என்றதும் பயந்து அழுதவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் உடம்பில் மொத்தமாக அழற்சி, அதாவது இன்ஃப்ளமேஷன், எவ்வளவு என்று சொல்பவை. இரண்டு சின்ன விரல் மூட்டுகளில் மட்டும் அழற்சி இருந்தால் அவை அசையாமல் இருந்துவிடலாம். யூரிக் ஆசிட் விஷயம் இன்னும் விசித்திரமானது. யூரிக் ஆசிட் மூட்டில் படிகமாகப் படிவதால் வரும் கவுட் தாக்கி, கால் கட்டைவிரல் சிவந்து துடிக்கும் அந்த நாளிலேயே ரத்தத்தில் யூரிக் ஆசிட் நார்மலாக இருக்கலாம். தாக்குதல் அடங்கி இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி பார்த்தால்தான் உண்மையான அளவு தெரியும். எக்ஸ்ரே காட்டுவது எலும்பை. ஜவ்வு, தசைநாண், மூட்டின் உள்சவ்வு இவற்றில் தொடங்கும் கோளாறு அதில் விழாது.

இன்னொன்று, பலருக்கும் தெரியாதது. முழங்கால் தேய்மானத்துக்கு ரத்தப் பரிசோதனையே கிடையாது. அறுபது வயது அம்மாவுக்கு மாடிப்படி இறங்கும்போது முட்டி வலிக்கிறது, ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்றால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ரத்தம் அப்படித்தான் இருக்கும்.

டாக்டருக்கு முன்னால் லேப்புக்குப் போவது

மூட்டுவலிக்கென்றே ஒரு பேக்கேஜ் இருக்கிறது, தள்ளுபடி வேறு. எடுத்துக்கொண்டு போனால் டாக்டருக்கு வேலை மிச்சம் என்று நினைக்கிறோம். அதில் ஏ.எஸ்.ஓ. என்று ஒன்று பெரும்பாலும் இருக்கும். தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி வந்துபோனதைச் சொல்லும் டெஸ்ட் அது. பெரியவர்களின் நாள்பட்ட மூட்டுவலிக்கும் அதற்கும் பெரும்பாலும் சம்பந்தமே இருக்காது. ஆனால் அது கொஞ்சம் கூடியிருந்தால் குடும்பமே அதன் பின்னால் ஓடும். எந்த டெஸ்ட் வேண்டும் என்பதை வலியின் கதைதான் முடிவு செய்ய வேண்டும்.

மாத்திரை போட்டுவிட்டு டெஸ்ட் எடுப்பது

எனக்கு மிகவும் கோபம் வரும் இடம் இது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் "மூணு வேளை செட்" பொட்டலத்திலும், பெயர் ஒட்டாத டப்பாவில் வரும் வாதப் பொடியிலும் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்புண்டு. போட்ட மறுநாளே மந்திரம் போட்டது போல வலி போனால் சந்தேகப்படுங்கள். ஸ்டீராய்டு அழற்சியை அமுக்கிவிடும், வீக்கம் வடியும், இ.எஸ்.ஆரும் சி.ஆர்.பி.யும் இறங்கும். அந்த நேரத்தில் ரத்தம் கொடுத்தால் ரிப்போர்ட் சுத்தமாக வரத்தான் செய்யும். அதற்காக, பல வாரமாகப் போட்டுக்கொண்டிருப்பதை டெஸ்ட்டுக்காகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது, அது ஆபத்து. பொட்டலத்தையே கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஸ்டீராய்டு மாதக்கணக்கில் உள்ளே போனால் வேறொன்றும் நடக்கலாம். தொடை எலும்பின் தலைப்பகுதிக்கு ரத்த ஓட்டம் குறைந்து எலும்பு செத்துப்போகும். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது. எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும்.

வலிக்கிற இடத்தை மட்டும் பார்ப்பது

இடுப்பு மூட்டில் கோளாறு இருந்தால் வலி முழங்காலில் தெரியலாம். முட்டியை நான்கு முறை எக்ஸ்ரே எடுத்து நான்கும் நார்மலாக இருக்க, இடுப்பை யாரும் அசைத்துப் பார்க்காமலே விட்டிருப்பார்கள். பல நேரம் மூட்டுக்கு உள்ளே எதுவுமே இருக்காது, அதைச் சுற்றியுள்ள தசைநாணோ அதன் கீழிருக்கும் சின்ன நீர்ப்பையோ புண்பட்டிருக்கும். தோளைத் தூக்க முடியவில்லை, ஜாக்கெட் கொக்கி மாட்டக் கை பின்னால் போகவில்லை என்றால் முதலில் சர்க்கரையைப் பாருங்கள். தோள் இறுகிப்போவது சர்க்கரை நோயாளிகளுக்கு அதிகம் வரும். தைராய்டு குறைந்தாலும் உடம்பெல்லாம் வலிக்கும், விறைக்கும். மூட்டு டெஸ்ட்டுகளில் அது சிக்காது, டி.எஸ்.எச். என்ற தைராய்டு டெஸ்ட்டைத் தனியாகப் பார்க்க வேண்டும். கொழுப்புக்குப் போடும் ஸ்டாட்டின் மாத்திரையால் தசைவலி வரலாம். மார்பகப் புற்றுநோய்க்குப் பிறகு கொடுக்கும் லெட்ரோசோல் போன்ற மாத்திரைகளால் மூட்டுவலி வருவது சர்வசாதாரணம்.

வைட்டமின் டி பற்றி ஒரு வார்த்தை. குறைபாடு கடுமையாக இருந்தால் எலும்பே வலிக்கும், முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பை அழுத்தினால் நோகும், தரையிலிருந்து எழ முடியாது. அதை நிச்சயம் சரிசெய்ய வேண்டும். ஆனால் நம் ஊரில் யாரைப் பரிசோதித்தாலும் அது குறைவாகத்தான் வருகிறது. "டி கம்மியா இருக்கு, அதான் வலி" என்று அங்கேயே தேடலை நிறுத்திவிடுவதும் தவறுதான்.

பழைய காய்ச்சலையும் தலைப் பொடுகையும் சொல்லாமல் விடுவது

2005–06ல் சிக்குன்குனியா இந்தியாவுக்குத் திரும்பி வந்தபோது தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு குனிந்து நடந்தார்கள். காய்ச்சல் சில நாளில் போனது. மூட்டுவலி சிலருக்கு மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் நின்றது. இன்றும் அந்தக் காய்ச்சல் வந்து போகிறது. டாக்டர் கேட்காவிட்டாலும், "வலி தொடங்கறதுக்கு முன்னாடி காய்ச்சல் வந்துச்சு" என்று நாமே சொல்ல வேண்டும்.

அதேபோலத் தலையில் செதில் செதிலாக உதிர்வதைப் பொடுகு என்று ஷாம்பு மாற்றிக்கொண்டே இருப்போம். அது சொரியாசிஸ் என்ற தோல் நோயாக இருக்கலாம். நகத்தில் குண்டூசியால் குத்தியது போலச் சின்னச் சின்னக் குழிகள் இருந்தால் இன்னும் கவனம் தேவை. சொரியாசிஸோடு வரும் மூட்டுவாதத்தை உறுதிசெய்யத் தனி ரத்தப் பரிசோதனை கிடையாது. தோலையும் நகத்தையும் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இருபத்தைந்து, முப்பது வயதுப் பையன்களின் இடுப்புவலியை "பைக் ஓட்டுறான், கம்ப்யூட்டர் முன்னாடியே உக்காந்திருக்கான்" என்று தள்ளிவிடாதீர்கள். வலி மூன்று மாதத்துக்கு மேல் இருக்கிறதா? படுத்தால் கூடி, நடந்தால் குறைகிறதா? விடியற்காலையில் எழுப்பிவிடுகிறதா? அப்படியென்றால் முதுகெலும்பைத் தாக்கும் அழற்சி வாதமாக இருக்கலாம். அதில் இ.எஸ்.ஆர். நார்மலாக இருக்கும் ஆட்கள் ஏராளம். எக்ஸ்ரேயில் மாற்றம் தெரிய வருடங்கள் ஆகும். இடையில் எப்போதாவது கண் சிவந்து வலித்து, வெளிச்சம் பார்க்க முடியாமல் போயிருந்தால் அதையும் சொல்லுங்கள். இரண்டும் ஒரே நோயின் வேலையாக இருக்கலாம்.

"எல்லாம் மனசுதான்" என்று முடித்துவிடுவது

காத்திருப்பு அறையில் ஒரு அம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "உடம்பு பூரா அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கும்மா. வீட்டுல யாரும் நம்பறதில்ல." கையில் வீக்கம் இல்லை, ரிப்போர்ட்டில் குறை இல்லை. தூங்கி எழுந்தாலும் தூங்கியது போல இல்லை. ஃபைப்ரோமயால்ஜியா இப்படித்தான் இருக்கும்.

மிளகாய் அரைத்த கையில் வெந்நீரை ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் என்னவோ வெதுவெதுப்புதான், கைக்கு நெருப்பு. இந்த நோயில் நரம்புகளும் மூளையும் வலியை உணரும் விதமே அப்படி மாறியிருக்கிறது. வலி நிஜம். 1990ல் வகுத்த அளவுகோலின்படி, உடம்பு பூராவும் வலி பரவியிருப்பவருக்கு 18 இடங்களை அழுத்திப் பார்த்து, குறைந்தது 11 இடத்தில் வலித்தால் இந்த நோய் என்றார்கள். 2010ல் அதை மாற்றி, வலி எத்தனை பகுதிகளில் பரவியிருக்கிறது, தூக்கம், களைப்பு, ஞாபகம் எப்படி இருக்கின்றன என்பதையும் கணக்கில் எடுத்தார்கள். தூக்கம் சும்மா அதில் சேரவில்லை. ஆரோக்கியமானவர்களின் ஆழ்ந்த உறக்கத்தை மட்டும் கலைத்துப் பார்த்த ஆய்வு 1975லேயே வெளிவந்தது. சில இரவுகளிலேயே அவர்களுக்கு உடல்வலி வந்துவிட்டது.

இதற்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டும் நடை, உடற்பயிற்சி, தூக்கத்தைச் சீராக்குவது, தேவைப்பட்டால் மாத்திரை என்று வழிகள் உண்டு. வலிக்கிறதே என்று படுத்தே கிடந்தால் தசை இளைத்து வலி கூடும். முடக்குவாதம் உள்ளவருக்கே ஃபைப்ரோமயால்ஜியாவும் சேர்ந்து வரலாம் என்பதால், ஒரு பெயர் கிடைத்ததும் மற்றதைத் தேடாமல் விட்டுவிடக் கூடாது.

வெறும் ஃபைலோடு போவது

அடுத்த முறை ஒரு துண்டுச் சீட்டு கொண்டுபோங்கள். எந்த மூட்டு, எத்தனை மாதமாக, காலை விறைப்பு எத்தனை நிமிடம், ஓய்வெடுத்தால் குறைகிறதா கூடுகிறதா, போடும் எல்லா மாத்திரைகளும். அரை மணிக்கு மேல் விறைப்பு நீடித்தால் அழற்சி என்ற பக்கமும், சில நிமிடத்தில் போய்விட்டு வேலை செய்யச் செய்ய வலித்தால் தேய்மானம் என்ற பக்கமும் டாக்டரின் யோசனை போகும். விரல் வீங்கியிருக்கும்போதே போனில் ஒரு படம் எடுங்கள். பதினோரு மணிக்கு அது இருக்காது. மூட்டு உண்மையிலேயே வீங்குகிறது என்றால், ரிப்போர்ட் எப்படி இருந்தாலும் மூட்டுவாத நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் கேட்டு, அவரைப் போய்ப் பாருங்கள். சில மாதம் கழித்து டெஸ்ட்டை மறுபடி எடுக்கவும் தயங்க வேண்டாம்.

காத்திருக்கவே கூடாத சமயம் ஒன்று உண்டு. ஒரே ஒரு மூட்டு திடீரென்று சிவந்து, சுட்டு, வீங்கி, கூடவே காய்ச்சலும் அடித்தால் உள்ளே சீழ் பிடித்திருக்கலாம். லேப் ரிப்போர்ட் வரட்டும் என்று வீட்டில் உட்காராமல் அன்றைக்கே, அந்த நேரமே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.