வீட்டோடு ஓர் அறை சேர்க்க அனுமதி வாங்குவது எப்படி?

"ஒரே ஒரு அறைதானே, இதுக்குப் போய் எதுக்குங்க அனுமதி?" என்று சொல்லாத மேஸ்திரி அபூர்வம். வேலை முடிந்ததும் அவர் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். நோட்டீஸ் வந்தால் வீட்டுக்காரர் பெயருக்குத்தான் வரும். அபராதம் ஒரு பக்கம். வீட்டை விற்கும்போது, வரைபடத்தில் இல்லாத அறையைப் பார்த்துவிட்டு வாங்குபவருக்கு வங்கி கடன் தர மறுப்பது இன்னொரு பக்கம்.

சுவருக்குப் பெயின்ட் அடிக்கவோ தரைக்கு டைல்ஸ் மாற்றவோ பொதுவாக அனுமதி தேவைப்படாது. புதிதாக அஸ்திவாரம் தோண்டிக் கூரை போடுகிறோம் என்றால் ஏறக்குறைய எல்லா இடத்திலும் தேவைப்படும். விதிகள் ஊருக்கு ஊர் வேறுபட்டாலும், வேலையின் வரிசை பெரிதாக மாறுவதில்லை.

படி 1: அறையை விடுங்கள், மனையை அளங்கள்

பலரும் கட்டில் எங்கே, அலமாரி எங்கே என்று வரைவதில்தான் ஆரம்பிக்கிறார்கள். விண்ணப்பத்தைப் பார்க்கும் அதிகாரிக்கு அதெல்லாம் பிறகுதான். அவர் முதலில் பார்ப்பது இரண்டு விஷயங்கள். ஒன்று, எல்லைக்கும் சுவருக்கும் நடுவே விட வேண்டிய காலியிடம்; செட்பேக் என்பார்கள். இன்னொன்று, மனையில் எத்தனை பங்கு வரை கட்டலாம் என்ற வரம்பு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மனை 10 மீட்டர் அகலம், 20 மீட்டர் நீளம். மொத்தம் 200 சதுர மீட்டர். அதில் பாதி வரை கட்டலாம் என்று விதி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இப்போதைய வீடு 90 சதுர மீட்டர். மிச்சம் 10. உள்ளளவு 3-க்கு 3 மீட்டர் அறை என்றால் 9 சதுர மீட்டர்தானே, அடங்கிவிடும் என்று தோன்றும். அடங்காது. பரப்பைப் பெரும்பாலும் சுவரின் வெளிப்பக்கத்தை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். ஒரு பக்கம் பழைய சுவரோடு ஒட்டியிருக்க, மற்ற மூன்று பக்கமும் 23 சென்டிமீட்டர் சுவர் எழுப்பினால் 3.23-ஐ 3.46-ஆல் பெருக்க வேண்டும். விடை ஏறக்குறைய 11.2. வரம்பு தாண்டிவிட்டது!

செட்பேக்கிலும் இதே சிக்கல் உண்டு. பின்பக்கம் 4.5 மீட்டர் இருக்கிறது, 2 மீட்டர் விட வேண்டும் என்றால் மிஞ்சும் 2.5 மீட்டரில் சுவரின் கனமும் அடக்கம். சன்ஷேடு எவ்வளவு தூரம் நீட்டிக்கொண்டிருக்கலாம் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எல்லையை வேலியை வைத்து முடிவு செய்யாதீர்கள். வேலியும் பத்திரமும் ஒத்துப்போகாத மனைகள் நிறைய. சர்வேயர் அளந்த அளவுதான் நிற்கும்.

செப்டிக் டேங்க், சாக்கடைக் குழாய், தலைக்கு மேலே போகும் மின்கம்பி மூன்றையும் இப்போதே குறித்துவிடுங்கள். டேங்க் மேல் அஸ்திவாரம் போட விட மாட்டார்கள். சில நாடுகளில் டேங்கின் கொள்ளளவையே படுக்கையறை எண்ணிக்கையை வைத்துத்தான் நிர்ணயிக்கிறார்கள். அங்கே ஒரு படுக்கையறை கூடினால் டேங்கையும் பெரிதாக்க வேண்டியிருக்கும்.

படி 2: வரைவதற்கு முன் அலுவலகத்தில் கேளுங்கள்

அளந்ததை ஒரு தாளில் கைப்படம் போட்டு, அனுமதி தரும் அலுவலகத்துக்கு எடுத்துப் போனாலே போதும். இந்த இடத்தில் கட்டலாமா, எந்தெந்தத் தாள் வேண்டும், யார் கையெழுத்துப் போட வேண்டும், கட்டணம் எப்படிக் கணக்கிடுவீர்கள் என்று கேளுங்கள். பழைய வீட்டுக்கு அனுமதி பெற்ற வரைபடம் அவர்களிடம் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். முன்பே அனுமதி இல்லாமல் ஏதாவது கட்டப்பட்டிருந்தால் முதலில் அதைச் சரிசெய்யச் சொல்வார்கள்.

படி 3: வரைபடங்கள்

மனை வரைபடம், தரைத்தள வரைபடம், வெளித்தோற்றம், குறுக்குவெட்டு ஆகிய நான்கும் அடிப்படை. எது பழையது, எது புதியது என்பது பார்த்தவுடன் தெரிய வேண்டும். குறுக்குவெட்டில் அஸ்திவார ஆழம், சுவர், கூரை எல்லாம் வரும்.

அறையின் அளவுக்கும் கீழ்வரம்பு உண்டு. அமெரிக்காவில் பல மாநிலங்கள் பின்பற்றும் மாதிரி விதியில் 70 சதுர அடி. இந்தியத் தேசியக் கட்டட விதியில், வீட்டில் ஒரே அறை என்றால் 9.5 சதுர மீட்டர். வெளிச்சம், காற்றுக்கு ஜன்னல் பரப்பையும், படுக்கையறை என்றால் தீ விபத்தில் வெளியேறும் வழியையும் பார்ப்பார்கள். புது அறையைத் திறக்கப் பழைய சுவரை உடைக்கிறீர்களா? அது சுமை தாங்கும் சுவரா என்று கட்டமைப்புப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும். மாடியில் கட்டுவதாக இருந்தால் அவர் இல்லாமல் ஓர் அடி எடுத்து வைக்காதீர்கள். கீழே இருக்கும் அஸ்திவாரம் அந்த எடைக்காகப் போட்டதா என்பது வெளியிலிருந்து தெரியாது.

படி 4: விண்ணப்பம், திருத்தம்

உரிமை ஆவணம், வரைபடம், கட்டண ரசீதோடு கொடுங்கள். திருத்தம் கேட்டுத் திரும்பி வருவது சாதாரணம், பதற வேண்டாம். கேட்ட ஒவ்வொரு திருத்தத்துக்கும் எண் போட்டு, எந்தத் தாளில் மாற்றியிருக்கிறோம் என்று எழுதிக் கொடுத்தால் அடுத்த சுற்று சீக்கிரம் முடியும். அனுமதி கைக்கு வரும் முன் குழி தோண்டாதீர்கள். வந்ததும் அது எத்தனை மாதம் செல்லும் என்று பாருங்கள். காலாவதி தேதி இல்லாத அனுமதி அரிது.

படி 5: வேலை நடக்கும்போது

அதிகாரிகள் வந்து ஆய்வு செய்யும் இடங்களில், மூடி மறைப்பதற்கு முன் அவர்களிடம் காட்ட வேண்டும் என்பதுதான் விதி. கான்கிரீட் கொட்டும் முன் குழியும் கம்பியும், பூசும் முன் வயரும் குழாயும். காட்டாமல் பூசிவிட்டால் உடைத்துக் காட்டச் சொல்லலாம். மேஸ்திரியிடம் தேதியை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நடுவில் ஜன்னலை இடம் மாற்றத் தோன்றினால், மாற்றிய வரைபடத்துக்கு முதலில் ஒப்புதல் வாங்குங்கள்.

கடைசி ஆய்வு முடிந்ததும் நிறைவுச் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். அதையும் முத்திரையிட்ட வரைபடத்தையும் வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வைத்துவிட்டு, காப்பீடு இருந்தால் அந்த நிறுவனத்துக்கும் புது அறையைத் தெரிவியுங்கள்.