பணியிடப் பாலியல் தொல்லை: மூன்று மாதக் கெடுவுக்குள் புகார் எழுதுவது எப்படி

வேலை இப்போது அலுவலக மேசையோடு முடிவதில்லை. ஷிப்ட் வண்டி, வாடிக்கையாளரின் கட்டடம், இரவு பத்து மணி வாட்ஸ்அப், வீட்டிலிருந்தே பேசும் வீடியோ அழைப்பு என்று நீள்கிறது. 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டமும் பணியிடத்தை விரிவாகவே சொல்கிறது: வேலை நிமித்தம் போகும் எந்த இடமும், முதலாளி ஏற்பாடு செய்த வாகனமும் அதில் அடக்கம். தினக்கூலி, கான்ட்ராக்ட், பயிற்சியாளர் என எல்லாப் பெண்களுக்கும் இது பொருந்தும். "நீங்கள் எங்கள் ஊழியர் இல்லையே, ஏஜென்சி ஆள்தானே" என்று திருப்பி அனுப்பினால் அது சட்டப்படி தவறு.

ஆதாரம் இருந்தும், நாள் கடந்துபோனதால் தோற்கும் புகார்கள் உண்டு. சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தொடர்ந்து நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து கணக்கு. தகுந்த காரணம் இருந்தால் புகாரை விசாரிக்கும் குழு இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம்; எனவே தாமதத்துக்கான காரணத்தைப் புகாரிலேயே எழுதிவிடுங்கள். எச்.ஆரிடம் (மனிதவளப் பிரிவு) வாயால் சொல்லிவிட்டு, "பார்த்துக்கொள்கிறோம்" என்ற பதிலை நம்பி இருப்பதுதான் வழக்கமான சறுக்கல். வாயால் சொன்ன அன்று கெடு நின்றுவிடாது.

பத்து அல்லது அதற்கு மேல் ஊழியர்கள் இருக்கும் இடத்தில் உள்ளகப் புகார் குழு கட்டாயம். ஒவ்வொரு கிளைக்கும் தனிக் குழு வேண்டும். தலைவர் ஒரு மூத்த பெண் ஊழியர், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். குழு அமைத்த உத்தரவை எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டியிருக்க வேண்டும். குழுவே இல்லையென்றால் நிறுவனத்துக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. பத்துக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் இடம், வீட்டு வேலை, அல்லது முதலாளி மீதே புகார் என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார் குழுவிடம் போக வேண்டும். தமிழ்நாட்டில் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள்.

இனி எழுத்து. ஒரு சம்பவத்துக்கு ஒரு பத்தி: நாள், நேரம், இடம், தொல்லை தந்தவர் சொன்னது, செய்தது, அருகில் இருந்தவர், நீங்கள் அப்போது என்ன செய்தீர்கள். "ஆபாசமாகப் பேசினார்" என்று மட்டும் எழுதினால் விசாரணையில் அது எதற்கும் உதவாது. எழுதக் கூசினாலும் அவர் சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள். அந்தக் கூச்சம் சொன்னவருக்கு உரியது. தேதி நினைவில்லையா? சம்பளம் வந்த மறுநாள், இரவு ஷிப்ட் வாரம் என்று தெரிந்த ஒன்றோடு பொருத்திச் சொல்லுங்கள். ஊகித்து ஒரு தேதி போடாதீர்கள், அது தவறானால் மற்றதையும் சந்தேகிப்பார்கள். எழுத வராதவர்களுக்குக் குழுவே எழுதித்தர உதவ வேண்டும்.

புகார் ஆறு பிரதிகள், கூடவே ஆவணங்கள், சாட்சிகளின் பெயரும் முகவரியும். ஏழாவதாக ஒரு பிரதி எடுத்து, அதில் தேதியோடு கையெழுத்து வாங்கி உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப் செய்திகளை அழிக்க வேண்டாம். ஸ்கிரீன்ஷாட்டில் அனுப்பியவரின் எண்ணும் தேதியும் தெரிய வேண்டும். முழு உரையாடலையும் எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். தானாக மறையும் செய்தி என்றால் அன்றே படம் எடுங்கள். அசல் போனை விற்கவோ மாற்றவோ வேண்டாம். நிறுவன மெயிலில் மட்டும் ஆதாரம் இருந்தால், கணக்கு முடக்கப்பட்டதும் எல்லாம் போய்விடும். உங்களைப் பற்றிய செய்திகளை மட்டும் சொந்தக் கணக்குக்கு மாற்றுங்கள். நிறுவனத்தின் பிற கோப்புகளைத் தொட்டால் உங்கள் மீதே எதிர்க்குற்றச்சாட்டு வரலாம்.

விசாரணை முடியும்வரையான இடைக்கால நிவாரணத்தை நீங்கள்தான் எழுதிக் கேட்க வேண்டும். அவரையோ உங்களையோ இடம் மாற்றுவது, மூன்று மாதம் வரை கூடுதல் விடுப்பு, உங்கள் அப்ரைசலை (பணி மதிப்பீடு) அவர் எழுதாமல் தடுப்பது ஆகியவற்றுக்குக் குழு பரிந்துரைக்கலாம். அப்ரைசல் கோரிக்கையை விட்டுவிடாதீர்கள். பழிவாங்கல் பெரும்பாலும் அந்த மதிப்பெண் வழியாகத்தான் வரும்.

புகார் கொடுத்த ஏழு வேலை நாளில் அதன் பிரதி எதிர்த்தரப்புக்குப் போகும், அவர் பத்து வேலை நாளில் பதில் தர வேண்டும். விசாரணை 90 நாளில் முடிந்து, அடுத்த பத்து நாளில் அறிக்கை. அதன்மேல் நிர்வாகம் 60 நாளில் நடவடிக்கை எடுக்க வேண்டும். தலைவர் உட்படக் குறைந்தது மூன்று உறுப்பினர் இருந்தால்தான் விசாரணை செல்லும். இரு தரப்புக்கும் வக்கீல் கிடையாது. தகுந்த காரணமின்றி மூன்று அமர்வு தொடர்ந்து வராவிட்டால், 15 நாள் நோட்டீஸ் கொடுத்து ஒருதலையாக முடித்துவிடலாம்; இது உங்களுக்கும் பொருந்தும் என்பதால் வர முடியாத நாளுக்கு முன்பே கடிதம் கொடுங்கள்.

சமரசம் நீங்கள் கேட்டால் மட்டுமே. பணம் வாங்கிக்கொண்டு முடிப்பதைச் சட்டம் அனுமதிக்காது. "நிரூபிக்க முடியாவிட்டால் பொய்ப் புகார் என்று உன்மேல் நடவடிக்கை" என்று மிரட்டினால் பயப்பட வேண்டாம்: நிரூபிக்க முடியாமல் போவது மட்டுமே பொய்ப் புகார் ஆகாது என்று சட்டத்தின் 14ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது.

போலீசுக்கும் போகலாம்; இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 75ஆம் பிரிவு இதற்கானது. நீங்கள் விரும்பினால் அந்தப் புகாருக்கு உதவுவது நிறுவனத்தின் கடமை. குழுவின் பரிந்துரையில் திருப்தி இல்லையென்றால் மேல்முறையீட்டுக்கு 90 நாள் இருக்கிறது. அறிக்கையின் பிரதி உங்களுக்கும் தரப்பட வேண்டும், தராவிட்டால் எழுதிக் கேளுங்கள்.