சனிக்கிழமை மா வறுத்தால் கிழமை முழுக்கக் காலைச் சாப்பாடு

பள்ளிக்கூட மணி ஏழரைக்கு அடிக்கும். கிளிநொச்சியிலோ மாங்குளத்திலோ உள்ளொழுங்கையில் வீடு என்றால் ஆறே முக்காலுக்கே பிள்ளைகள் படலையைத் தாண்ட வேண்டும். அதற்குள் குளிப்பாட்டி, தலை இழுத்து, சாப்பாடு தீத்தி, இடைவேளைப் பெட்டியும் கட்டி முடிய வேண்டும். இந்த அவசரத்தில் பாணும் விசுக்கோத்தும் பிள்ளைகளின் காலைச் சாப்பாடாகிவிடுவதைப் பல வீடுகளில் பார்க்கலாம். புட்டு நேரமெடுக்கும் சாப்பாடு என்று நினைப்பதுதான் காரணம். உண்மையில் புட்டு குழைத்து அவிக்க 25 நிமிடம் போதும். நேரமெடுப்பது மா. அந்த மாவைச் சனிக்கிழமையே வடிவாக வறுத்து, ஆறவிட்டு, தகரத்தில் அடைத்துவிட்டால் மற்ற நாட்கள் இலகுவாகும்.

இங்கே சொல்லும் அளவு இரண்டு பெரியவர்களும் இரண்டு மூன்று சிறுபிள்ளைகளும் உள்ள வீட்டுக்கு. பேணி என்பது 200 மில்லிலீற்றர் கொள்ளும் பேணி. உங்கள் வீட்டுப் பேணி கொஞ்சம் பெரிதென்றாலும் எல்லாவற்றையும் அதே பேணியால் அளந்தால் விகிதம் மாறாது.

அரிசி மா

ஒரு கிலோ சிவப்புப் பச்சையரிசியைக் கல் அரித்துக் கழுவி 3 மணித்தியாலம் ஊறவிடுங்கள். பிறகு ஓட்டைப் பாத்திரத்தில் கொட்டி அரை மணித்தியாலம் வடியவிட வேண்டும். கையில் அள்ளினால் ஈரம் தெரிய வேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது. சொட்டும் பதத்தில் அரைத்தால் மா களியாகி மிக்சியின் அலகில் ஒட்டும். முழுக்கக் காய்ந்துவிட்டாலோ மா குருணையாக விழும், புட்டு வாயில் நறநறக்கும். பக்கத்தில் மில் இருந்தால் அங்கே கொடுப்பது நல்லது. வீட்டில் மிக்சி என்றால் சாடியில் பாதிக்கு மேல் போடாமல் அரைத்து, அரிதட்டில் அரித்து, கப்பியைத் திரும்ப அரையுங்கள்.

அரைத்த மாவை அன்றைக்கே வறுக்க வேண்டும். வன்னி வெக்கையில் ஈரமா சில மணித்தியாலத்தில் புளிக்கத் தொடங்கும். பின்னேரம் வறுக்கலாம் என்று மூடி வைத்தால் பிறகு எவ்வளவு வறுத்தாலும் அந்தப் புளிப்பு மணம் போகாது.

தாச்சி அகலமாக இருக்கட்டும். ஒரு தடவைக்கு அரைக் கிலோவுக்கு மேல் போட வேண்டாம். நடுத்தர நெருப்பில் அடியோடு கிளறிக்கொண்டே இருங்கள். முதலில் மா கட்டிகட்டியாகி ஆவி வரும். பத்து நிமிடமளவில் கட்டிகள் உடைந்து மா இலேசாகும். 12 முதல் 15 நிமிடத்தில் பதம் வரும். ஒரு சிட்டிகை எடுத்து நிலத்தில் கோலம் போல இழுங்கள். கோடு அறாமல் விழுந்தால் போதும், உடனே இறக்குங்கள். இறக்கிய பிறகும் தாச்சிச் சூடு மாவை வறுத்துக்கொண்டிருக்கும் என்பதால் சுளகிலோ பெரிய தட்டிலோ கொட்டிப் பரவுங்கள். நிறம் மாறும்வரை வறுத்த மா பசை இழந்துவிடும். புட்டு உதிர்ந்து கொட்டும், இடியப்பம் உரலிலிருந்து துண்டுதுண்டாக விழும்.

சூடு முழுக்கப் போகாமல் தகரத்தில் அடைப்பதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கும் பிழை. உள்ளே வேர்த்து, மூன்றாம் நாளே கட்டி பிடித்துப் பூஞ்சணம் வரும். குறைந்தது இரண்டு மணித்தியாலம் ஆறவிட்டு, ஒரு தடவை அரித்து, காய்ந்த தகரத்தில் அடையுங்கள். ஈரக் கரண்டி உள்ளே போகக்கூடாது. இப்படி வைத்த மா ஒரு மாதம் கெடாது. ஐப்பசி கார்த்திகை மழைக்காலத்தில் இரண்டு கிழமைக்கு மேல் வைக்காமல் குறைவாகச் செய்யுங்கள்.

காலபோக அறுவடை முடிந்து பங்குனி சித்திரையில் வரும் புது நெல்லரிசியில் ஈரமும் பசையும் கூட. அதன் மா குறைந்த தண்ணீரிலேயே குழைந்துவிடும். பழைய அரிசி மா கூடத் தண்ணீர் குடிக்கும். அதனால்தான் போன மாதம் சரியாக வந்த அளவு இந்த மாதம் பிழைக்கிறது. தண்ணீரை அளவுக் கணக்கில் மட்டும் நம்பாமல் கைப் பதத்திலும் பார்க்க வேண்டியது இதனால்தான்.

கோதுமை மா அவித்தல்

அரைக் கிலோ கோதுமை மாவைக் காய்ந்த வெள்ளைத் துணியில் தளர்வாகப் பொட்டலம் கட்டி, ஸ்டீமரில் அல்லது நீத்துப்பெட்டியில் (புட்டு அவிக்கும் ஓலைப்பெட்டி) 35 நிமிடம் அவியுங்கள். இறுக்கிக் கட்டினால் நடுவிலுள்ள மா அவியாது. மூடியிலிருந்து தண்ணீர் சொட்டினால் மேல்மா களியாகும், எனவே பொட்டலத்தின் மேல் இன்னொரு மடித்த துணியைப் போடுங்கள். இறக்கியதும் சூட்டோடு சூடாக உடைத்து அரிக்க வேண்டும். ஆறிய பிறகு உடைக்கப் போனால் கல்லுத்தான்.

அவிக்காத கோதுமை மாவில் தண்ணீர் பட்டுப் பிசைந்தால் இழுபடும் பசைத்தன்மை வரும். ரொட்டிக்கும் பாணுக்கும் அது வேண்டும். புட்டுக்கு அது வந்தால் சவ்வாகும். ஆவியின் சூடு அந்தத் தன்மையை முறித்துவிடுகிறது. இதை நினைவில் வைத்திருங்கள், கேக் பகுதியில் திரும்ப வரும்.

ஒரு கிலோ அரிசியும் அரைக் கிலோ கோதுமை மாவும் இந்த வீட்டுக்கு நாலு காலைப் புட்டுக்குக் காணும்.

காலையில் புட்டு

முதல் வேலை அடுப்பில் இரண்டு பாத்திரம் வைப்பது. ஒன்றில் புட்டு அவிக்கத் தண்ணீர், மற்றதில் மா குழைக்கத் தண்ணீர். இவை கொதிக்கும் நேரத்தில் தேங்காயைத் துருவலாம். தேங்காய்ப் பூவை முதல்நாள் இரவே துருவிப் பிரிட்ஜில் வைக்கலாம், ஆனால் வெளியே வைத்தால் விடியமுன் புளிக்கும்.

வறுத்த அரிசி மா 2 பேணி
அவித்த கோதுமை மா 1 பேணி
உப்பு முக்கால் தேக்கரண்டி
கொதித்த தண்ணீர் சுமார் ஒன்றேகால் பேணி
தேங்காய்ப் பூ 1 பேணி

மாவையும் உப்பையும் கலந்து, கொதித்து இறக்கி ஒரு நிமிடம் விட்ட தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி அகப்பைக் காம்பால் கிளறுங்கள். முதலில் ஒரு பேணி, பிறகு மேசைக்கரண்டிக் கணக்கில். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உடைய வேண்டும். பிறகு பேணியின் வாயால் கொத்தி, மிளகளவுக் குறுணலாக்குங்கள். பேணி விளிம்பில் மா அப்பினால் தண்ணீர் கூடிவிட்டது. ஒரு பிடி அவித்த மாவைத் தூவிக் கொத்தினால் சரிவரும். தேங்காய்ப் பூவைக் கடைசியில் கலந்து, அழுத்தாமல் நீத்துப்பெட்டியில் நிரப்புங்கள். அழுத்தினால் ஆவி ஏறாது, அடிப்பக்கம் களியாகவும் மேற்பக்கம் பச்சையாகவும் இருக்கும்.

தண்ணீர் நன்றாகக் கொதித்து ஆவி வந்த பிறகுதான் பெட்டியை வைக்க வேண்டும். மேலால் ஆவி எழுந்ததிலிருந்து 10 நிமிடம். மூடியைத் திறக்கும்போது உங்கள் முகத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சரித்துத் திறவுங்கள். குசினியில் சின்னப்பிள்ளை காலடியில் நிற்கும் வீட்டில் நீத்துப்பானை எப்போதும் சுவர்ப்பக்க அடுப்பில்தான் இருக்க வேண்டும். ஆவி சுட்ட காயம் நெருப்புச் சுட்ட காயத்தைவிடக் குறைந்ததல்ல.

பெட்டியில் கட்டிக் கொடுப்பதாக இருந்தால் புட்டைத் தட்டில் பரவி ஆறவிட்டு மூடுங்கள். சூட்டோடு மூடினால் வேர்த்து, இடைவேளைக்கு முன்பே நூல் விடும். பச்சைத் தேங்காய்ச் சம்பலையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டாம். வாழைப்பழமும் ஒரு துண்டு பனங்கட்டியும் போதும். அவித்த முட்டை வைத்தால் இன்னும் நல்லது.

சொதியும் உறைப்பும்

புட்டு அவியும் பத்து நிமிடத்தில் சொதி முடிந்துவிடும். அரைத் தேங்காயில் முதல் பால் முக்கால் பேணி, இரண்டாம் பால் 2 பேணி எடுங்கள். இரண்டாம் பாலில் அரிந்த வெங்காயம், கால் தேக்கரண்டி வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை, உப்புப் போட்டு வெங்காயம் அவியும்வரை கொதிக்கவிடுங்கள். ஒரு பிடி முருங்கை இலையை உருவிப் போட்டு இரண்டு நிமிடம். பிறகு முதல் பாலை ஊற்றி, ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்குங்கள். தளதளவெனக் கொதித்தால் பால் திரையும். தேசிக்காய்ப் புளி இறக்கி, சூடு தணிந்த பிறகுதான்.

பச்சை மிளகாயை அரிந்து போட்டால் பிள்ளைக்கு வேறு சொதி வைக்க வேண்டிவரும். முழுதாக, நுனியில் ஒரு கீறல் போட்டுப் போடுங்கள். மணம் இறங்கும், உறைப்பு அதிகம் இறங்காது. பிள்ளைக்கு ஊற்றிய பிறகு பெரியவர்கள் தங்கள் கோப்பைக்குள் நசித்துக்கொள்ளலாம். கறிக்கும் இதே வழி. எங்கள் பக்கத்துக் கறித்தூளில் மிளகாய் ஏற்கெனவே சேர்ந்திருப்பதால் அதை முதலில் போட்டால் பிறகு குறைக்க வழியில்லை. மீனோ மரக்கறியோ மல்லி, சீரகம், மஞ்சளோடு பாலில் அவிந்ததும் பிள்ளையின் பங்கை எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்துக்குக் கறித்தூள் போட்டு ஐந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். ஒரே சட்டி, இரண்டு கறி. குளத்து மீன் என்றால் முள்ளு கூட, பிள்ளைக்கு எடுத்த பங்கை வெளிச்சத்தில் வைத்து விரலால் உதிர்த்துப் பாருங்கள்.

பின்னேரத்துக்குக் களி

பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைக்குக் கெதியாகச் செய்ய ஏற்றது உழுத்தங்களி. சனிக்கிழமை தாச்சி சூடாக இருக்கும்போதே கால் கிலோ உழுந்தையும் மணம் வரும்வரை வறுத்து அரைத்து வையுங்கள். உழுத்தம்மா அரைப் பேணி, வறுத்த அரிசி மா அரைப் பேணி, தேங்காய்ப்பால் இரண்டரைப் பேணி, தட்டிய பனங்கட்டி அரைப் பேணி. பனங்கட்டியைக் கொஞ்சப் பாலில் கரைத்து வடித்து, ஆறவிட்டு, மிச்சப் பாலையும் சேர்த்து, மாவை அந்த ஆறிய பாலில் கரைத்த பிறகே அடுப்பில் வைக்க வேண்டும். கொதிக்கும் பாலில் மாவைக் கொட்டினால் கட்டி பிடிக்கும். மெல்லிய நெருப்பில் 12 நிமிடம் துழாவி, இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு, சட்டியில் ஒட்டாத பதத்தில் இறக்குங்கள்.

முறிகண்டியில் இறங்கினால் எல்லாரும் கச்சான் வாங்குவார்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளிடம் முழுக் கச்சானைக் கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கும். தோல் நீக்கி மாவாக இடித்துக் களியில் ஒரு மேசைக்கரண்டி கலக்கலாம். முதல் தடவை கொஞ்சமாகக் கொடுத்து, உடம்பில் தடிப்போ வாந்தியோ வருகிறதா என்று பாருங்கள். ஒரு வயதுக்கு முன் தேனும் வேண்டாம்.

போறணை இல்லாமல் ஒரு கேக்

இந்தக் கேக்குக்கு அவித்த மா சரிவராது. பசைத்தன்மை முறிந்த மா காற்றைப் பிடித்து வைக்காது, கேக் பொங்கியபின் அமுங்கும். தகரத்தில் அவித்த மாவும் அவிக்காத மாவும் ஒன்றுபோலத் தெரியும் என்பதால் பெயர் எழுதி ஒட்டி வையுங்கள்.

அவிக்காத கோதுமை மா 150 கிராம்
குரக்கன் மா 50 கிராம்
பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை
முட்டை 2
சீனி 120 கிராம்
எண்ணெய் 100 மில்லிலீற்றர்
நன்றாகக் கனிந்த வாழைப்பழம், தோல் நீக்கி 200 கிராம்

தடித்த அலுமினியப் பானையில் ஓர் அங்குலத்துக்குக் கழுவிக் காய்ந்த மணல் பரவி, அதன்மேல் ஒரு சின்ன வளையமோ கவிழ்த்த தட்டோ வைத்து, மூடி, நடுத்தர நெருப்பில் 10 நிமிடம் சூடாக்குங்கள். நொன்ஸ்டிக் பானையை இப்படி வெறுமையாகச் சூடாக்கக்கூடாது.

அதற்குள் மாக்களையும் பவுடரையும் உப்பையும் இரண்டு தடவை அரியுங்கள். இந்த வேலையைப் பிள்ளைகளிடம் கொடுக்கலாம், நிலத்தில் பேப்பர் விரித்துவிட்டால் போதும். பழம் மசிப்பதும் அவர்களுடையதாகட்டும். முட்டையும் சீனியும் நுரைக்கும்வரை ஐந்து நிமிடம் அடித்து, எண்ணெய் விட்டு, பழத்தைச் சேர்த்து, கடைசியில் மாவைப் போட்டு வெள்ளை மறைந்ததும் நிறுத்துங்கள். இதற்குமேல் கலக்கினால் கேக் ரப்பர் போல வரும்.

எண்ணெய் பூசிக் கடதாசி போட்ட 7 அங்குல வட்டத் தட்டில் ஊற்றிப் பானைக்குள் இறக்குங்கள். மூடியின் உட்பக்கத்தைத் துணியால் சுற்றி, துணியின் நுனிகளை மூடியின் மேல் கட்டுங்கள். ஆவி கேக்கில் சொட்டாது, துணி நெருப்பிலும் படாது. மெல்லிய நெருப்பில் 45 நிமிடம். முதல் 30 நிமிடம் திறக்க வேண்டாம். ஈர்க்குக் குத்தி எடுத்தால் சுத்தமாக வர வேண்டும்.

அடி கருகினால் மணல் போதவில்லை அல்லது நெருப்புக் கூட. நடு குழிந்தால் நேரத்தோடு திறந்திருப்பீர்கள், அல்லது பழம் கூடியிருக்கும். மேற்பக்கம் வெளிறியிருப்பது பிழையல்ல, மேலே நெருப்பில்லாததால் அப்படி வரும். சிவக்க வேண்டுமென்றால் விறகடுப்பில், துணி கட்டாமல், கடைசிப் பத்து நிமிடம் மூடியின் மேல் சிரட்டைத் தணலைப் பரப்பலாம். மின் போறணை உள்ள வீட்டில் 170 பாகையில் 40 நிமிடம்.

முழுக்க ஆறிய பிறகு வெட்டுங்கள். பழம் சேர்ந்ததால் வெளியே இரண்டு நாள்தான் நிற்கும். துண்டுகளாக்கிப் பிரிட்ஜில் வைத்தால் வெள்ளிக்கிழமை இடைவேளை வரைக்கும் காணும்.