நரம்புத் தூண்டல்: பம்ப்பின் கணக்கில் எழுதக் கூடாத வேலை

நியூரானில், அதாவது நரம்பு செல்லில், மின்தூண்டல் எப்படி உண்டாகிறது என்று கேட்டால் பலரும் சொல்லும் விடை இது: சோடியம் அயனிகள் (மின்னூட்டம் கொண்ட அணுக்கள்) உள்ளே பாய்கின்றன, பிறகு செல்லின் சவ்வில் இருக்கும் சோடியம்-பொட்டாசியம் பம்ப் என்ற புரதம் அவற்றை வெளியே தள்ள, மின்னழுத்தம் பழைய நிலைக்கு வருகிறது. முன்பாதி சரி. பின்பாதிதான் தவறு, நன்றாகப் படித்தவர்களும் செய்யும் தவறு.

ஓய்வில் இருக்கும் நியூரானின் உட்புறம் சுமார் -70 மில்லிவோல்ட். தூண்டப்பட்டு அது -55 வாக்கில் வந்ததும் சோடியம் கால்வாய்கள் (சவ்வில் சோடியம் நுழையும் வழிகள்) மளமளவென்று திறந்து, மின்னழுத்தம் +30 வரை ஏறுகிறது. ஒரு மில்லிவினாடி அளவில் அவை தாமாகவே அடைத்துக்கொள்கின்றன. அப்புறம், சற்றுத் தாமதமாகத் திறக்கும் கால்வாய்கள் வழியே பொட்டாசியம் வெளியேறுகிறது. மின்னழுத்தத்தைக் கீழே இறக்குவது இந்த வெளியேற்றம்தான்.

அப்படியானால் பம்ப் எதற்கு? 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுத்து, அயனிகளின் இருப்பு நாளடைவில் குறையாமல் காக்கிறது. ஒரு தூண்டலில் இடம் மாறும் அயனிகள் மொத்த இருப்பில் மிகச் சொற்பம். அதனால் கணவாய் என்ற கடலுயிரியின் தடித்த ஆக்ஸானில் (நியூரானின் நீண்ட இழையில்) பம்ப்பை நச்சு கொடுத்து நிறுத்தினாலும் ஆயிரக்கணக்கான தூண்டல்கள் போய்க்கொண்டே இருக்கும். அதே ஆக்ஸானை ஆராய்ந்து விஞ்ஞானிகள் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952-ல் வெளியிட்ட சமன்பாடுகளில் பம்ப்புக்கு இடமே இல்லை. ஆனாலும் தூண்டலின் முழு வடிவமும் அவற்றிலிருந்து கிடைக்கிறது. எவ்வளவு அழகான சான்று!

அடுத்தது, நரம்பை மின்கம்பியாக நினைப்பது. இங்கே எலக்ட்ரான்கள் நெடுக ஓடுவதில்லை. அயனிகள் சவ்வின் குறுக்கே நகர்கின்றன. ஓர் இடத்தில் ஏற்பட்ட மாற்றம் பக்கத்து இடத்தையும் தூண்டிவிடுகிறது. வேகமான நரம்பிழையில்கூட வினாடிக்கு 120 மீட்டர் அளவுதான். மையலின் என்ற கொழுப்பு உறையுள்ள இழைகளில் தூண்டல் கணுவுக்குக் கணு (உறை இல்லாத சிறு இடைவெளிகள்) 'தாவுகிறது' என்று எழுதுகிறோம். நடுவில் எதுவும் நடக்காதது போல அதைப் புரிந்துகொள்ள வேண்டாம். உறைக்குள்ளும் மின்னோட்டம் தேய்ந்தபடி போகிறது. கணுவில் அது மறுபடி முழு உயரம் பெறுகிறது.

பலமாகத் தொட்டால் பெரிய தூண்டல் வரும் என்பதும் தவறு. ஒரே இழையில் எல்லாத் தூண்டலும் ஏறக்குறைய ஒரே உயரம். பலம் கூடும்போது வினாடிக்கு வரும் எண்ணிக்கை கூடுகிறது, கூடுதல் இழைகளும் சேர்ந்துகொள்கின்றன.

சினாப்ஸை, அதாவது இரண்டு நியூரான்கள் சந்திக்கும் இடத்தை, தாண்டுவதும் பெரும்பாலும் மின்சாரம் அல்ல, வேதிப்பொருள். மின்சினாப்ஸ்களும் உண்டு என்பதால் 'எப்போதும்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.