அம்மாவுக்கு ஹோட்டல் ரூம் போடுவது எப்படி: பாத்ரூமில் இருந்து தொடங்குங்கள்

ஹோட்டல் தேடும்போது நாம் முதலில் பார்ப்பது முகப்புப் படம், நீச்சல் குளம், ஜன்னலில் தெரியும் காட்சி. வயதான அம்மாவை அழைத்துப் போவதாக இருந்தால் இதையெல்லாம் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். ராத்திரி மூன்று மணிக்கு, அரைத் தூக்கத்தில், கண்ணாடி போடாமல், பழகாத அறையில் அவர் கட்டிலை விட்டு எழுந்து பாத்ரூம் போய்த் திரும்ப வேண்டும். அந்தப் பத்தடி தூரம் எப்படி இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. அது சரியாக இருந்தால் மற்றதைச் சமாளித்துக்கொள்ளலாம். அது சரியில்லை என்றால் ஐந்து நட்சத்திரம் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

கட்டட வரைபடம் போடுவது என் பிழைப்பு. அதனால் கைப்பையில் எப்போதும் ஒரு டேப் கிடக்கும், எதைப் பார்த்தாலும் அளக்கத் தோன்றும். என் அம்மாவுக்கு மூட்டுத் தேய்மானம், பிரஷருக்கு மாத்திரை, ராத்திரியில் எழுந்திருக்கும் பழக்கம். "எனக்கென்னடி, ஒரு மூலை கிடைச்சா எங்க வேணா படுத்துப்பேன்" என்பார். இந்தப் பேச்சை நம்பி ரூம் போடக் கூடாது. தனக்கு என்ன சிரமம் என்று பல அம்மாக்கள் சொல்லவே மாட்டார்கள், நாம்தான் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

போனுக்கு முன்னால் டேப்

அம்மா வீட்டில் நடமாடுவதை அவருக்குத் தெரியாமல் கவனியுங்கள். கட்டிலில் எந்தப் பக்கம் இறங்குகிறார்? நாற்காலியில் இருந்து எழும்போது கைப்பிடியை அழுத்துகிறாரா, தன் முழங்காலையே அழுத்துகிறாரா? எந்தக் கை? படி ஏறும்போது ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து நின்றுதான் ஏறுகிறாரா? நடக்கும்போது விரல் சுவரைத் தேடுகிறதா? அப்படித் தொட்டுத் தொட்டு நடப்பவருக்கு, நடுவில் பிடிமானமே இல்லாத பெரிய சூட் ரூம் வசதியில்லை. அவருக்கு அது வெறும் மைதானம். கொஞ்சம் நெருக்கமான அறைதான் நல்லது.

அப்புறம் அவரை உட்கார வைத்து, பாதம் தரையில் முழுசாகப் பதிந்திருக்கும்போது, தரையில் இருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அளந்துகொள்ளுங்கள். என் அம்மாவுக்கு 41 செ.மீ. கட்டிலோ நாற்காலியோ டாய்லெட்டோ, உட்காரும் உயரம் இந்த அளவுக்குச் சமமாகவோ கொஞ்சம் கூடுதலாகவோ இருந்தால் எழுவது எளிது. குறைந்தால் எழ முடியாமல் திணறுவார். ரொம்பக் கூடினால் கால் தொங்கும், சறுக்கித்தான் இறங்க வேண்டியிருக்கும், அதில் விழுகிற அபாயம் உண்டு.

ஹோட்டல் கட்டில்களில் இந்த இரண்டாவது தொல்லைதான் அதிகம். தடித்த மெத்தை, அதன் மேல் இன்னொரு மெத்தை என்று அடுக்கி 65, 70 செ.மீ. வரைக்கும் கொண்டுபோய் விடுகிறார்கள். படத்தில் பார்க்க ராஜ மஞ்சம் மாதிரி இருக்கும். மேல்மெத்தையை எடுத்துவிடச் சொல்லி முன்கூட்டியே கேட்டுப் பாருங்கள், சாதாரணமாக எடுத்துத் தருவார்கள். சில இடங்களில் "காலடியில் ஸ்டூல் போட்டுத் தருகிறோம்" என்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பகலில் ஏற உதவுகிற ஸ்டூல் இருட்டில் காலைத் தடுக்கும்.

பாத்ரூம்

அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகள் சட்டம் 1990இல் வந்தது. அதன் கீழ் 2010இல் வெளியான கட்டட வடிவமைப்பு விதிகளில் உள்ள அளவுகள் எந்த நாட்டு ஹோட்டலை எடைபோடவும் உதவும். டாய்லெட் சீட்டின் மேல்பகுதி தரையில் இருந்து 43 முதல் 48 செ.மீ. பிடிமானக் கம்பி 84 முதல் 91 செ.மீ. உயரத்தில். கதவு திறந்த நிலையில் கிடைக்கும் வழி குறைந்தது 81 செ.மீ. வாசலில் மேடு இருந்தால் 13 மி.மீ.க்குள். ஷவரில் வரும் வெந்நீர் 49 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகக் கூடாது. இந்தக் கடைசி விஷயத்தை யாரும் கேட்பதே இல்லை. வயதானவர்களின் தோல் மெலிசு, சூட்டை உணர்ந்து கையை இழுப்பதற்கும் நேரமாகும். குழாயை எந்தப் பக்கம் திருப்பினால் வெந்நீர் என்பது ஒவ்வொரு ஹோட்டலிலும் ஒரு புதிர். போன உடனே நீங்களே திருப்பிப் பார்த்து அம்மாவுக்குக் காட்டிக்கொடுத்துவிடுங்கள்.

பாத்டப் உள்ள அறை வேண்டவே வேண்டாம். டப்புக்குள் நின்று ஷவரில் குளிக்கிற ஏற்பாடு பல ஹோட்டல்களில் இருக்கிறது. அதற்கு ஒற்றைக் காலில் நின்று இன்னொரு காலை முழங்கால் உயரத்துக்குத் தூக்கி, ஈரமான வழவழப்பில் வைக்க வேண்டும். குளித்து முடித்துத் திரும்பவும் அதே வித்தை. நமக்கே சில சமயம் தடுமாறும். தேட வேண்டியது நேராக நடந்து உள்ளே போகிற ஷவர், கையில் எடுத்துப் பிடிக்கிற கைஷவர், உள்ளே போட ஒரு கெட்டியான பிளாஸ்டிக் ஸ்டூல். ஸ்டூல் கேட்டால் பெரும்பாலும் எங்கிருந்தாவது கொண்டுவந்து தருவார்கள்.

துண்டு போடும் கம்பியைப் பிடிமானக் கம்பி என்று எண்ணிவிடக் கூடாது. அது நாலு திருகாணியில் டைல்ஸின் மேல் நிற்கிறது. துண்டின் எடைக்குப் போட்டது, ஆள் எடைக்கு இல்லை. சாய்ந்துகொண்டு பிடித்தால் கையோடு வந்துவிடும். கடையில் விற்கிற, உறிஞ்சி ஒட்டும் ரப்பர்க் கைப்பிடிகளையும் நான் நம்புவதில்லை. வழவழப்பான டைல்ஸில் நன்றாகத்தான் ஒட்டும், ஆனால் எப்போது காற்று புகுந்து விடும் என்று சொல்ல முடியாது.

பாத்ரூம் கதவு வெளிப்பக்கம் திறந்தால் நல்லது, இல்லை பக்கவாட்டில் நகர வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்துகிடந்தால், உட்பக்கம் திறக்கிற கதவை அவர் உடம்பே தடுத்துவிடும். எப்படியும், தாழ்ப்பாள் போடாமல் சும்மா சாத்திக்கொள்ளச் சொல்லுங்கள். என் அம்மா இதற்கு மட்டும் சம்மதிக்க மாட்டார், அதனால் வெளியில் இருந்து நாணயத்தால் திருப்பித் திறக்கிற பூட்டா என்று பார்த்துக்கொள்வேன்.

இன்னொன்று, வெள்ளைத் தரை, வெள்ளைச் சுவர், வெள்ளை டாய்லெட் என்று பத்திரிகைப் படம் போல இருக்கும் பாத்ரூம். கண்புரை உள்ளவருக்கு சீட் எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்று பிரித்துத் தெரியாது. சீட்டின் முன்னால் அடர்ந்த நிறத்தில், அடியில் வழுக்காத மேட் ஒன்று விரித்தால் போதும். மறதி நோய் உள்ளவர் என்றால் அதுவும் கூடாது. கருப்பு மேட் சிலருக்குக் குழி மாதிரி தெரிந்து, தாண்டப் பார்ப்பார்கள்.

என்ன கேட்பது, யாரிடம் கேட்பது

"வயசானவங்களுக்கு வசதியா இருக்குமா?" என்று கேட்காதீர்கள். எந்த ஹோட்டலிலும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் தப்பிக்க முடியாத கேள்வியாகக் கேளுங்கள். "வாசலில் இருந்து ரிசப்ஷன் வரைக்கும் எத்தனை படி? லிஃப்ட்டுக்குப் போவதற்கு முன்னால் எத்தனை படி? ஷவருக்குள் போக எவ்வளவு உயரம் கால் தூக்க வேண்டும்?" பழைய கட்டடங்களில் லிஃப்ட் இருக்கும், ஆனால் அரை மாடி ஏறினால்தான் லிஃப்ட்டே வரும். "லிஃப்ட் உண்டு" என்ற பதிலில் இந்த அரை மாடி காணாமல் போய்விடும்.

முன்பதிவுத் தளத்தின் கால்சென்டரில் இதைக் கேட்டுப் பயனில்லை, ஹோட்டலின் நேரடி எண்ணுக்குப் பேசுங்கள். செக்அவுட் கூட்டம் ஓய்ந்த முற்பகல் நேரம் நல்லது. ரிசப்ஷனில் தெரியவில்லை என்றால் ஹவுஸ்கீப்பிங்குக்கு இணைப்புக் கேளுங்கள். பாத்ரூமைத் தினமும் துடைப்பவர்களுக்குத்தான் எந்த ரூமில் மேடு, எந்த ரூமில் டப் என்று மனப்பாடமாகத் தெரியும். அந்த ரூமின் பாத்ரூமை வாட்ஸ்அப்பில் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், கதவில் இருந்து தொடங்கி, தரை தெரிகிற மாதிரி. தளத்தில் போடும் படங்கள் அகலக் கோண லென்ஸில் எடுத்தவை, அளவு தெரியாது. அனுப்ப மறுத்தால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

பேசி முடித்ததை மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். தளத்தில் "சிறப்புக் கோரிக்கை" என்று ஒரு பெட்டி இருக்கும். அது வெறும் கோரிக்கைதான், ஹோட்டலைக் கட்டுப்படுத்தாது. அதேபோல், இரண்டு ரூம் எடுப்பதாக இருந்தால் "பக்கத்துப் பக்கத்து ரூம்" வேறு, நடுவில் உட்கதவு உள்ள ரூம் வேறு. உங்களுக்கு வேண்டியது உட்கதவு. காது மெஷின் வைப்பவர் என்றால் தனி ரூமே வேண்டாம். ராத்திரி மெஷினைக் கழற்றிவிட்டால் தீயணைப்பு மணிகூட அவர் காதில் விழாமல் போகலாம்.

மாற்றுத்திறனாளிகளுக்கான அறை என்று சில ஹோட்டல்களில் தனியாக உண்டு. அதிலும் இரண்டு வகை: சக்கர நாற்காலியோடு உள்ளே போகிற ஷவர் ஒன்று, டப்புக்குக் கம்பி வைத்தது இன்னொன்று. எது என்று கேளுங்கள். இந்த அறைகள் மிகக் குறைவாகத்தான் இருக்கும், அதனால் மேடில்லாத ஷவர் உள்ள சாதாரண அறையே போதும் என்றால் அதையே எடுப்பேன். அம்மாவுக்கு அந்தத் தனி அறைதான் வேண்டும் என்றால் தயங்காமல் எடுங்கள். "நான் என்ன நடக்க முடியாதவளா?" என்ற கேள்வி வரும். ரூமின் பெயரைச் சொல்லாமல் "பாத்ரூம் பெரிசா இருக்கும்மா" என்று சொன்னால் தீர்ந்தது.

கட்டடமும் தெருவும்

கூகுள் ஸ்ட்ரீட் வியூவில் ஹோட்டல் வாசலுக்குப் போய் நில்லுங்கள். கார் எங்கே நிற்கும், அங்கிருந்து எத்தனை படி, கைப்பிடி இருக்கிறதா, தெரு மேடா என்று உட்கார்ந்த இடத்தில் தெரிந்துவிடும். சாய்தளம் இருந்தால் ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளமாவது இருக்க வேண்டும். பெட்டி இழுப்பதற்காகப் போட்ட செங்குத்தான சாய்தளத்தில் ஆள் நடப்பது படியை விட மோசம்.

மாடி தாழ்வாக இருக்கட்டும், முதலோ இரண்டோ. தீ விபத்தில் லிஃப்ட்டில் போகக் கூடாது, சாதாரண நாளிலும் லிஃப்ட் பழுதாகும். லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் ரூம் கேளுங்கள், ஆனால் ஒட்டினாற்போல் வேண்டாம், ராத்திரி முழுக்க டிங் டிங் என்று கேட்கும்.

விருந்தினர் விமர்சனங்களில் ஐந்து நட்சத்திரத்தை விட்டுவிட்டு இரண்டும் மூன்றும் கொடுத்தவர்களைப் படியுங்கள். படி, லிஃப்ட், வழுக்கல், வெந்நீர், சத்தம் என்று தேடினால் போதும்.

அறைக்குள் நுழைந்ததும்

அம்மாவை ரிசப்ஷன் சோபாவில் உட்கார வைத்துவிட்டு முதலில் நீங்கள் மட்டும் போய் ரூமைப் பாருங்கள். அவர் போய் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிவிட்டால் அப்புறம் "இதுவே போதும்" என்பார், ரூம் மாற்ற விடமாட்டார்.

வீட்டில் அவர் எந்தப் பக்கம் இறங்குகிறாரோ அந்தப் பக்கம் வழி இருக்கிற கட்டிலை அவருக்குக் கொடுங்கள். வழியில் உள்ள சின்ன விரிப்பு, வயர், காபி டேபிள் எல்லாவற்றையும் சுவரோரம் தள்ளுங்கள். ஆள் அசைந்தால் எரிகிற சின்ன இரவு விளக்கு இரண்டு கொண்டுபோங்கள், ஒன்று கட்டிலடியில், ஒன்று பாத்ரூம் வாசலில். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர் சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றலாம். காலைத் தொங்கவிட்டு ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு எழச் சொல்லுங்கள்.

சாவி அட்டையைச் சுவரில் செருகினால்தான் கரண்ட் வரும் ஹோட்டல்களில் இரண்டாவது அட்டை ஒன்று கேட்டு வாங்குங்கள். நீங்கள் அட்டையை உருவிக்கொண்டு கடைக்குப் போனால் அம்மா இருட்டில் உட்கார்ந்திருப்பார். மினிபார் என்கிற அறைக்குள் இருக்கும் சின்ன ஃப்ரிட்ஜும் நின்றுவிடலாம். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், மினிபாரில் அந்தக் குளிர் நிற்கும் என்று உறுதியில்லை. சில மினிபாரில் பின்பக்கத் தகட்டை ஒட்டி வைத்தால் உறைந்தே போகும், உறைந்த இன்சுலினைத் தூக்கித்தான் போட வேண்டும். மருந்தை ஹோட்டலின் பெரிய ஃப்ரிட்ஜில் வைக்க முடியுமா என்று கேளுங்கள்.

நேர விஷயத்தையும் பதிவு செய்யும்போதே பேசிவிடுங்கள். பல ஹோட்டல்களில் மதியம் இரண்டு, மூன்று மணிக்குத்தான் ரூம் தருவார்கள். விடிகாலையில் போய் இறங்குவதாக இருந்தால் முந்தின ராத்திரிக்கும் சேர்த்துப் போட்டுவிடுங்கள், லாபியில் எட்டு மணி நேரம் உட்கார அவரால் முடியாது. கிளம்பும் நாளில் தாமதமாகக் காலி செய்யலாமா என்று கேட்டு, அதையும் அதே மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.